ஸ்விட்ச் உள்ளே எட்டிப் பார்க்கலாமா?

கீழ் வீட்டில் நான். மாடியில் அண்ணன் குடும்பம். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து இன்டர்நெட் இணைப்பு ஒன்றுதான். ரூட்டர் என் கூடத்தில் இருக்கிறது. அதன் பக்கத்தில் எட்டு போர்ட் கொண்ட ஒரு சின்ன ஸ்விட்ச். வயர்லெஸ் சிக்னல் கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்கு ஒழுங்காகப் போவதில்லை. அதனால் ஸ்விட்சிலிருந்து ஒரு நெட்வொர்க் கேபிளை வெளிச்சுவர் வழியாக ஏற்றி, மாடி ஜன்னல் வழியாக அண்ணன் மகளின் கம்ப்யூட்டருக்குக் கொடுத்திருந்தோம். நான்கு வருடமாக எந்தத் தொந்தரவும் இல்லை.

படிப்பை முடித்து வேலை தேடிக் கொண்டிருந்த அவளுக்கு ஒரு நாள் மாலை 7 மணிக்கு வீடியோ மூலம் நேர்முகத் தேர்வு. பத்தாவது நிமிடம் இணைப்பு அறுந்தது. வந்தது. மறுபடியும் போனது. மூன்றாவது முறை அவள் உள்ளே நுழைந்தபோது எதிர்முனையில் ஆள் இல்லை. நல்ல வேளையாக, அடுத்த வாரம் இதே கிழமை, இதே நேரம் இன்னொரு வாய்ப்புத் தருவதாக மெயில் வந்தது. கையில் ஏழு நாட்கள். அதற்குள் பிரச்சினையைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

மறுநாள் காலை சோதித்தேன். வேகம் சரியாக இருந்தது. இணைப்பு தந்த நிறுவனத்திலிருந்து வந்தவரும் சோதித்தார். எல்லாம் சரி என்றார். அன்று மாலை அவள் தோழியுடன் வீடியோவில் பேசியபோது மறுபடியும் அறுந்தது. பகலில் ஒழுங்காகவும் மாலையில் கோளாறாகவும் இருக்கும் ஒன்றைப் பகலில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? நாள் முழுக்கக் கண் விழித்துப் பார்க்க யாராவது வேண்டும். அந்த வேலையை ஒரு ஸ்விட்சே செய்யும். எப்படி என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

ஸ்விட்சில் இரண்டு ஜாதி

ஸ்விட்ச் என்பது நெட்வொர்க்கின் தபால் பிரிக்கும் இடம். அதில் செருகப்பட்ட ஒவ்வொரு சாதனத்திற்கும் மேக் முகவரி என்ற எண் உண்டு. எந்த முகவரி எந்த போர்ட்டில் இருக்கிறது என்று ஸ்விட்ச் ஒரு பட்டியல் வைத்துக் கொள்ளும். தகவல் வரும்போது பட்டியலைப் பார்த்து உரிய போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும்.

நம் வீடுகளில் சாதாரணமாக இருப்பது அன்மேனேஜ்டு ஸ்விட்ச். கேபிளைச் செருகினால் வேலை செய்யும். அவ்வளவுதான். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. கண் சிமிட்டும் விளக்குகள் மட்டுமே அடையாளம்.

இன்னொரு வகை மேனேஜ்டு ஸ்விட்ச். இதற்கென்று ஒரு ஐ.பி. முகவரி உண்டு. பிரவுசரில் அந்த முகவரியை டைப் செய்தால் ஒரு பக்கம் திறக்கும். எந்த போர்ட் எந்த வேகத்தில் ஓடுகிறது, எத்தனை தகவல் பழுதாக வந்தது, எப்போது இணைப்பு அறுந்தது என்றெல்லாம் பார்க்கலாம். வீட்டுக்கு ஏற்ற, விலை குறைந்த வகையை ஸ்மார்ட் ஸ்விட்ச் என்று விற்கிறார்கள். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மிக மலிவானவற்றில் வெப் பக்கம் மட்டும் இருக்கும். பெட்டியின் மீது எஸ்.என்.எம்.பி. என்றும் சிஸ்லாக் என்றும் போட்டிருந்தால்தான் கீழே நான் சொல்லும் கண்காணிப்பு வேலை முழுவதையும் செய்ய முடியும். அப்படி ஒன்றை வாங்கி வந்தேன்.

முதல் முறை உள்ளே நுழைவது

புது ஸ்விட்சை எடுத்தவுடன் ரூட்டரோடு இணைத்துவிடாதீர்கள். பல ஸ்விட்சுகள் 192.168.0.1 போன்ற முகவரியோடு தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. உங்கள் ரூட்டருக்கும் அதே முகவரி இருந்தால் ஒரே எண்ணில் இரண்டு வீடு என்ற கதைதான். தபால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. முதலில் ஸ்விட்சையும் ஒரு கம்ப்யூட்டரையும் மட்டும் ஒரு கேபிளால் இணையுங்கள். பிறகு இப்படிச் செய்யுங்கள்.

1. ஸ்விட்சின் அடியில் ஒட்டியுள்ள லேபிளையோ மேனுவலையோ பார்த்து அதன் முகவரி, யூசர் நேம், பாஸ்வேர்ட் ஆகியவற்றைக் குறித்துக் கொள்ளுங்கள்.

2. விண்டோஸில் கண்ட்ரோல் பேனலைத் திறந்து, நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர் சென்று, சேஞ்ச் அடாப்டர் செட்டிங்ஸ் என்பதில் கிளிக் செய்யுங்கள். ஈதர்நெட் என்ற ஐகானில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுங்கள்.

3. பட்டியலில் இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 4 என்பதை டபுள் கிளிக் செய்யுங்கள். ஐ.பி. முகவரியை நீங்களே தரும் இரண்டாவது வட்டத்தைத் தேர்ந்தெடுத்து, ஸ்விட்சின் முகவரி 192.168.0.1 என்றால் கம்ப்யூட்டருக்கு 192.168.0.10 என்று கொடுங்கள். சப்நெட் மாஸ்க் 255.255.255.0. ஓகே கொடுத்து வெளியே வாருங்கள். இருவரும் ஒரே தெருவில் இருந்தால்தான் பேசிக்கொள்ள முடியும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

4. பிரவுசரைத் திறந்து முகவரிக் கட்டத்தில் 192.168.0.1 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். லாகின் பக்கம் வரும்.

சில ஸ்விட்சுகள் நிலையான முகவரி இல்லாமல், ரூட்டரிடமிருந்தே ஒரு முகவரியை வாங்கிக் கொள்ளும். அந்த வகை என்றால் ரூட்டரோடு இணைத்துவிட்டு, ரூட்டரின் பக்கத்தில் உள்ள சாதனப் பட்டியலில் அதன் முகவரியைத் தேடுங்கள்.

உள்ளே போனதும் ஸ்விட்சுக்கு உங்கள் வீட்டு நெட்வொர்க்கில் ஒரு நிரந்தர முகவரி கொடுங்கள். என் ரூட்டர் 192.168.1.1. மற்ற சாதனங்களுக்கு அது 100 முதல் 200 வரை உள்ள எண்களைத் தானாகத் தருகிறது. எனவே அந்த வரிசைக்கு வெளியே 192.168.1.2 என்று ஸ்விட்சுக்குக் கொடுத்தேன். கேட்வே என்ற கட்டத்தில் ரூட்டரின் முகவரி. அப்ளை பட்டனை அழுத்தியதும் பக்கம் அப்படியே நின்றுவிடும். பயப்பட வேண்டாம். ஸ்விட்ச் புது முகவரிக்குக் குடிபோய்விட்டது. நீங்கள் பழைய வாசலில் நிற்கிறீர்கள். கம்ப்யூட்டரின் முகவரியைப் பழையபடி தானாகப் பெறும் நிலைக்கு மாற்றி, ஸ்விட்சை ரூட்டரோடு இணைத்து, புது முகவரியை டைப் செய்யுங்கள்.

ஸேவ் செய்ய மறக்காதீர்கள்

இங்கேதான் நான் முதலில் ஏமாந்தேன். பல மேனேஜ்டு ஸ்விட்சுகளில் அப்ளை என்பது வேறு, ஸேவ் என்பது வேறு. அப்ளை செய்தது மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே நினைவில் இருக்கும். மதியம் அரை மணி நேரம் கரண்ட் போனது. திரும்ப வந்தபோது ஸ்விட்ச் பழைய முகவரிக்கே போயிருந்தது. காலையில் செய்ததெல்லாம் வீண். பக்கத்தின் மேல் பகுதியிலோ சிஸ்டம் மெனுவிலோ ஸேவ் கான்பிகரேஷன் என்று ஒரு வசதி இருக்கும். ஒவ்வொரு மாற்றத்திற்குப் பிறகும் அதை அழுத்துங்கள்.

கதவைப் பூட்டுங்கள்

அன்று இரவு சாப்பிட்டுக் கொண்டிருந்தபோது பிளஸ் ஒன் படிக்கும் அண்ணன் மகன் செல்போனை நீட்டினான். "சித்தப்பா, இது உங்க புது ஸ்விட்ச் தானே?" திரையில் லாகின் தாண்டிய பக்கம். "பாஸ்வேர்ட் எப்படிடா கிடைச்சுது?" என்றேன். "மேனுவல் நெட்டிலேயே இருக்கு. அட்மின், அட்மின். வேணும்னா எந்த போர்ட்டையும் ஆஃப் பண்ணலாம் போலிருக்கே" என்றான். நல்ல பையன், எதையும் தொடவில்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

கோளாறைப் பார்க்க நான் திறந்து வைத்த அதே வாசல் வழியாக யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். இது கற்பனைப் பயம் அல்ல. 2016-ல் மிராய் என்ற தீய புரோகிராம் உலகம் முழுவதும் கேமராக்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்துக் கொண்டது. அது பெரிய தந்திரம் எதுவும் செய்யவில்லை. தொழிற்சாலையில் வைக்கப்படும் யூசர் நேம், பாஸ்வேர்ட் ஜோடிகள் சுமார் 60-ஐக் கையில் வைத்துக் கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டியது. மாற்றாமல் விட்ட கதவுகள் திறந்தன. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அவற்றை ஏவி டின் என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது, அமெரிக்காவில் பல பெரிய இணையதளங்கள் மணிக்கணக்கில் திறக்கவில்லை.

எனவே கண்காணிப்பு ஆரம்பிக்கும் முன் கீழ்க்கண்டவற்றைச் செய்துவிடுங்கள்.

* பாஸ்வேர்டை மாற்றுங்கள். நீளமாக இருக்கட்டும். வேறு எங்கும் பயன்படுத்தாததாக இருக்கட்டும்.

* டெல்நெட் என்ற வசதி இருந்தால் அணைத்து விடுங்கள். அதில் நீங்கள் தட்டும் பாஸ்வேர்ட் அப்படியே எழுத்தாகக் கேபிளில் போகும். அதற்கு மாற்றாக எஸ்.எஸ்.எச். இருக்கிறது. பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழக நெட்வொர்க்கில் பாஸ்வேர்டுகள் திருடப்பட்ட பிறகு, 1995-ல் டாட்டு யிலோனன் என்பவர் உருவாக்கியது இது. அனைத்தையும் மறைத்து அனுப்பும்.

* வெப் பக்கத்திற்கு எச்.டி.டி.பி.எஸ். மட்டும் என்று வையுங்கள். பிரவுசர் எச்சரிக்கை காட்டலாம். ஸ்விட்ச் தன் சான்றிதழைத் தானே எழுதிக் கொள்வதால் வரும் எச்சரிக்கை அது. வீட்டுக்குள் உங்கள் ஸ்விட்சின் முகவரியை நீங்களே டைப் செய்தபோது வந்தால் தொடரலாம். வெளி இணையதளம் எதிலாவது இதே எச்சரிக்கை வந்தால் திரும்பி விடுங்கள்.

* எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து மட்டும் உள்ளே வரலாம் என்று குறிக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள்.

* வீட்டுக்கு வருபவர்களுக்கு ரூட்டரில் உள்ள கெஸ்ட் நெட்வொர்க்கைக் கொடுங்கள். வெளியூரிலிருந்து பார்க்கலாமே என்று ஸ்விட்சின் பக்கத்தை இன்டர்நெட்டுக்குத் திறந்து விடாதீர்கள்.

போர்ட் பக்கத்தில் என்ன பார்ப்பது?

போர்ட் ஸ்டேட்டஸ் அல்லது ஸ்டாடிஸ்டிக்ஸ் என்ற மெனுவைத் திறந்தால் ஏகப்பட்ட எண்கள் தெரியும். நமக்கு மூன்று போதும்.

முதலாவது லிங்க். கேபிள் இணைந்திருக்கிறதா இல்லையா என்பது.

இரண்டாவது ஸ்பீட். இப்போதைய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் 1000 எம்.பி.பி.எஸ். காட்ட வேண்டும். 100 என்று காட்டினால் கேபிளைச் சந்தேகியுங்கள். நெட்வொர்க் கேபிளுக்குள் 8 கம்பிகள் உண்டு. 1000 வேகத்திற்கு எட்டும் தேவை. 100-க்கு நான்கு போதும். ஒரு கம்பி அறுந்தாலும் பல சாதனங்கள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி வேலையைத் தொடரும்.

மூன்றாவது சி.ஆர்.சி. எரர். அனுப்பப்படும் ஒவ்வொரு பொட்டலத்தின் முடிவிலும் 4 பைட் அளவுக்கு ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். வந்து சேரும்போது கணக்கு ஒத்துவரவில்லை என்றால் ஸ்விட்ச் அந்தப் பொட்டலத்தைத் தூக்கி எறிந்துவிட்டு எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டும். நல்ல கேபிளில் இது பூஜ்யமாகவே இருக்கும். கூடிக்கொண்டே போனால் கேபிளோ கனெக்டரோ போர்ட்டோ கெட்டிருக்கிறது.

மாடிக்குப் போகும் கேபிள் 5-ஆம் போர்ட்டில் இருந்தது. ஸ்பீட் 1000. எரர் பூஜ்யம். பகல் 11 மணிக்குக் கேட்டால் அது சரியாகத்தானே இருக்கும்! தொடர்ந்து கேட்டுக் கொண்டே இருக்க ஓர் ஆள் தேவை.

எஸ்.என்.எம்.பி. என்ற காவல்காரர்

அந்த ஆள்தான் எஸ்.என்.எம்.பி. 1988-லிருந்து இருக்கும் முறை. ஒரு கம்ப்யூட்டர் சில நிமிடங்களுக்கு ஒரு முறை ஸ்விட்சிடம் "5-ஆம் போர்ட்டில் எத்தனை பைட் போனது? எத்தனை எரர்?" என்று கேட்கும். ஸ்விட்ச் எண்ணைச் சொல்லும். கம்ப்யூட்டர் அதைக் குறித்து வைத்துப் படமாக வரையும். 1990-களின் நடுவில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பணியாற்றிய டோபியாஸ் ஓட்டிக்கர், தம் நிறுவனத்தின் ஒரே இன்டர்நெட் லைன் எப்படி நிரம்புகிறது என்று பார்க்க எம்.ஆர்.டி.ஜி. என்ற புரோகிராமை எழுதினார். ஐந்து நிமிடத்திற்கு ஒரு புள்ளி வைக்கும் அந்தப் பாணிதான் இன்றும் பரவலாக இருக்கிறது. இப்போது லிப்ரே என்.எம்.எஸ்., ஜாபிக்ஸ், காக்டி என்று பல தொகுப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பரணில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு நான் லிப்ரே என்.எம்.எஸ். நிறுவினேன்.

ஸ்விட்சில் எஸ்.என்.எம்.பி. மெனுவைத் திறந்தால் மூன்று வெர்ஷன்கள் இருக்கும். 1 மற்றும் 2சி வெர்ஷன்களில் கம்யூனிட்டி என்ற ஒரு சொல்தான் பாஸ்வேர்ட். பல சாதனங்களில் அது பப்ளிக் என்றே வைக்கப்பட்டிருக்கும். எழுதும் உரிமைக்கு பிரைவேட். உலகத்துக்கே தெரிந்த சொற்கள் இவை. போதாததற்கு மறைக்கப்படாமல் கேபிளில் போகும். வெர்ஷன் 3-ல் தனி யூசர் நேம், பாஸ்வேர்ட், மறைத்து அனுப்பும் வசதி எல்லாம் உண்டு. அதையே தேர்ந்தெடுங்கள். படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள். எண்களைப் படிப்பவருக்கு மாற்றும் அதிகாரம் எதற்கு? உங்கள் ஸ்விட்சில் 2சி மட்டும்தான் என்றால் பப்ளிக், பிரைவேட் இரண்டையும் நீக்கிவிட்டு, யூகிக்க முடியாத ஒரு சொல்லைப் படிக்க மட்டும் கொடுங்கள்.

வெர்ஷன் 1-ஐத் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு. அதில் பைட் கணக்கு 429 கோடியைச் சற்றுத் தாண்டியதும் வண்டியின் கிலோமீட்டர் காட்டியைப் போல மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். 1000 வேக லைன் நிரம்ப ஓடினால் இது 34 வினாடியில் சுற்றி வந்துவிடும். ஐந்து நிமிடத்திற்கு ஒரு முறை கேட்பவருக்குக் கிடைப்பது தவறான கணக்கு. 2சி, 3 வெர்ஷன்களில் இதற்குப் பெரிய கணக்குப்பொறி உண்டு.

கடிகாரம் சரியா?

ஸ்விட்ச் தனக்கென்று ஒரு நாட்குறிப்பும் எழுதுகிறது. அதுதான் லாக். போர்ட் இணைந்தது, அறுந்தது, யார் லாகின் செய்தார் எல்லாம் அதில் வரும். ஆவலோடு திறந்தால் 5-ஆம் போர்ட் அறுந்ததாகப் பல வரிகள். தேதி மட்டும் 1970 ஜனவரி 1!

பல சிறு ஸ்விட்சுகளில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்தால் நேரம் ஆதியிலிருந்து ஆரம்பித்துவிடும். நேரம் தெரியாத லாகை வைத்துக் கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. டைம் மெனுவில் எஸ்.என்.டி.பி. அல்லது என்.டி.பி. வசதியை இயக்கி, நேரம் தரும் சர்வரின் பெயரையும் உங்கள் நாட்டு நேரத்தையும் கொடுங்கள். இந்தியா என்றால் 5 மணி 30 நிமிடம் கூடுதல். சிஸ்லாக் என்ற வசதியில் உங்கள் கம்ப்யூட்டரின் முகவரியைக் கொடுத்து, அங்கே அதை வாங்கும் புரோகிராமையும் இயக்கி வைத்தால், ஸ்விட்ச் அணைந்து எழுந்தாலும் பழைய வரிகள் பத்திரமாக இருக்கும்.

நீங்களே வெளியே மாட்டிக் கொள்ளாதீர்கள்

பூட்டுப் போடும் ஆர்வத்தில் சாவியை உள்ளே வைத்துவிடும் ஆபத்தும் உண்டு. வி-லேன் என்ற பகுதியில் மேனேஜ்மென்ட் வி-லேன் எண்ணை மாற்றினால், உங்கள் கம்ப்யூட்டர் இருக்கும் போர்ட் அதில் இல்லாவிட்டால் அடுத்த நொடியே பக்கம் மறைந்துவிடும். நானும் ஒரு முறை மாட்டிக் கொண்டேன். ஸேவ் செய்யாமல் இருந்ததால் ஸ்விட்சை அணைத்துப் போட்டுத் தப்பித்தேன். எனவே ஆபத்தான மாற்றங்களை முதலில் அப்ளை மட்டும் செய்து, திரும்ப உள்ளே வர முடிகிறதா என்று பார்த்த பிறகே ஸேவ் செய்யுங்கள். எல்லாம் முடிந்ததும் பேக்கப் வசதி மூலம் கான்பிகரேஷன் பைலைக் கம்ப்யூட்டரில் வைத்துக் கொள்ளுங்கள். ஸ்விட்சின் முகவரியைத் தாளில் எழுதி வையுங்கள். பாஸ்வேர்டை அதன் மேலேயே ஒட்டி வைக்காதீர்கள். எதுவும் கைகொடுக்காவிட்டால் ரீசெட் பட்டன் இருக்கிறது. ஆனால் தொழிற்சாலை நிலைக்கே போய்விடும்.

ஜன்னல்

நான்காம் நாள் காலை படத்தைப் பார்த்தேன். நாள் முழுக்கத் தரையோடு கிடந்த எரர் கோடு மாலை 6.40-க்கு நிமிர்ந்து எழுந்து இரவு 9-க்குப் பிறகு படுத்துவிட்டது. முந்தைய நாளும் கிட்டத்தட்ட அதே நேரம். லாகிலும் அதே நேரங்களில் 5-ஆம் போர்ட் அறுந்து சேர்ந்த வரிகள். இடையில் வேகம் 1000-லிருந்து 100-க்கு இறங்கியிருந்தது. மற்ற போர்ட்டுகள் எல்லாம் சுத்தம். ஆகவே இன்டர்நெட் நிறுவனத்தின் மீது தவறில்லை, ரூட்டர் மீதும் இல்லை. அந்த ஒரு கேபிள்தான்.

மாடிக்குப் போய், "மாலையில் ஆறரைக்கு மேல் இந்த அறையில் என்ன செய்வாய்?" என்று அண்ணன் மகளிடம் கேட்டேன். "ஒன்றுமில்லை சித்தப்பா, கொசு வரும், ஜன்னலைச் சாத்துவேன்" என்றாள். புதிதாகப் பொருத்திய இரும்புச் சட்டம் கேபிளின் மீது அழுந்தி உறையைக் கிழித்திருந்தது. ஜன்னல் திறந்திருந்தால் கம்பிகள் தொட்டுக் கொண்டிருக்கும். மூடினால் நசுங்கும். தேர்வன்று தெருச் சத்தம் கேட்கக் கூடாது என்று இன்னும் இறுக்கமாகச் சாத்தியிருக்கிறாள்!

சுவரில் தனியாக ஒரு துளை போட்டுப் புதுக் கேபிள் இழுத்தோம். ஏழாம் நாள் மாலை 7 மணிக்கு அவள் மாடியில் தேர்வுக்கு உட்கார்ந்தாள். நான் கீழே 5-ஆம் போர்ட்டின் முன் உட்கார்ந்தேன். 50 நிமிடமும் ஸ்பீட் 1000, எரர் பூஜ்யம். வேலை கிடைத்துவிட்டது. அந்தப் பழைய கம்ப்யூட்டர் இன்னும் ஐந்து நிமிடத்திற்கு ஒரு முறை ஸ்விட்சைக் கேட்டுக் கொண்டுதான் இருக்கிறது. பாஸ்வேர்ட் என்னவென்று அண்ணன் மகனுக்கு இதுவரை தெரியாது.